சோழகம் வரும்வரை

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாளொன்றில், நண்பகல் 12 மணி 10 நிமிடமளவில், யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் ஒரு கம்பை நேராக நட்டுப் பாருங்கள். நிழல் விழாது. யாழ்ப்பாணம் இருப்பது வடக்கே 9.66 பாகை அகலாங்கில். வடக்கு நோக்கிப் போகிற சூரியன் ஏப்ரல் நடுவில் இந்த ஊரின் உச்சிக்கு வருகிறது. திரும்பிப் போகையில் ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை வரும். அதே சூரியன், அதே உச்சி. ஆனாலும் ஓகஸ்டைத் தாங்கிக்கொள்கிற சனம் சித்திரையில்தான் புழுங்கிச் சாகிறது.

வித்தியாசம் காற்றில் இருக்கிறது. சித்திரைக்குள் வாடை ஓய்ந்துவிடும். தென்மேற்கிலிருந்து வரவேண்டிய சோழகம் வைகாசிக் கடைசியில்தான் நிலைகொள்ளும். இடைப்பட்ட சில கிழமைகளில் பகலில் கொஞ்சம் கடற்காற்று வரும், இரவில் அதுவும் நின்றுவிடும். போதாக்குறைக்குக் குருநகருக்கு முன்னால் கிடப்பது பரவைக்கடல். பல இடங்களில் ஆள் உயரத்துக்குக்கூட ஆழமில்லை. ஆழ்கடல் போல அது வெப்பத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளாது. பகல் முழுக்கக் காய்ந்து, இரவிலும் சூடும் ஈரமுமாகக் கரைக்கு மூச்சுவிடும்.

இந்த நாட்களில் வெப்பமானியை நம்பினால் ஏமாந்துபோவோம். மதுரையில் 39 பாகை செல்சியஸ் என்று வைப்போம், காற்றின் ஈரப்பதன் 30 சதவீதம். குருநகரில் 33 பாகை, ஈரப்பதன் 70 சதவீதம். ஆறு பாகை குறைவு என்று மதுரைக்காரர் இங்கே ஆசையோடு வந்திறங்கினால், ஒரு மணித்தியாலத்துக்குள் சேட்டைக் கழற்றிப் பிழிவார்.

ஏன் என்று விளங்கிக்கொள்ள உடம்பின் கணக்கைப் பார்க்கவேண்டும். சும்மா இருக்கிற மனித உடம்பு ஏறத்தாழ 100 வாற் வெப்பத்தை உண்டாக்குகிறது. வலை இழுக்கிறவருடைய உடம்பு 400 வாற் வரை போகும். அந்த வெப்பம் எப்படியாவது வெளியேற வேண்டும். தோலின் சூடு 35 பாகை. சுற்றியுள்ள காற்றும் கூரையும் சுவரும் அதைவிட நன்றாகக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகவே போய்விடும். இல்லாவிட்டால் வியர்வை ஒன்றுதான் வழி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து பறித்துக்கொண்டு போகிறது. அப்படிப் பார்த்தால் சும்மா இருப்பவருக்கு மணிக்கு 150 கிராமும், வலை இழுப்பவருக்கு 600 கிராமும் ஆவியாகவேண்டும். நாடியில் சொட்டி மணலில் விழுந்த வியர்வை இந்தக் கணக்கில் சேராது. அது வெறும் தண்ணீர் நட்டம்.

காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகும். எவ்வளவு மந்தம் என்பதைக் காட்ட எளிய கருவி ஒன்று உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் பிடித்தால், நீர் ஆவியாகும் அளவுக்கு அது காட்டும் எண் இறங்கும். இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். மேலே சொன்ன மதுரை நாளில் அது 25 பாகையளவில் வந்து நிற்கும். குருநகரில் 28ஐ விட்டு இறங்காது. உடம்புக்கு உறைக்கிற எண் இதுதான். இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் பங்குனி, சித்திரை, வைகாசியில் நிறம் தீட்டி வெளியிடுகிற வெப்பச் சுட்டெண் வரைபடமும் வெப்பத்தோடு ஈரப்பதனைச் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது.

மண்பானையும் ஒருவகையில் ஈரக்குமிழ்தான். சுடுமண்ணின் நுண்துளை வழியே கசிகிற தண்ணீர் பானையின் வெளிப்புறத்தில் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விக்கிறது. ஆனால் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே அதால் இறங்க முடியாது. மதுரைப் பானைக்குப் பத்துப் பாகைக்கு மேல் இறங்க இடமிருக்கிறது. குருநகர்ப் பானைக்கு நாலைந்து பாகைதான். பானையின் வெளிப்புறம் எந்நேரமும் நனைந்து கிடப்பதைப் பார்த்து "நல்லாக் குளிருது" என்று சந்தோசப்படுவோம். உண்மையில் ஆவியாக வழியில்லாத தண்ணீர்தான் அப்படி நனைந்து நிற்கிறது. பானையைச் சமையலறை மூலையிலிருந்து எடுத்து, காற்றுப் போய்வருகிற விறாந்தையில் மணல் மேல் வைத்தால் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும்.

இதனால்தான், வறண்ட நாட்டு உபாயங்களைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே கொண்டுவரக் கூடாது. நனைத்த வெட்டிவேர்த் தட்டி, கதவில் தொங்கவிடும் ஈரச்சேலை, கடையில் விற்கும் தண்ணீர் ஊற்றுகிற எயார் கூலர் எல்லாம் ராஜஸ்தானுக்கு அருமருந்து. குருநகரில் யன்னலைச் சாத்திவிட்டு எயார் கூலரைப் போட்டால், ஏற்கெனவே ஈரமான அறைக்கு இன்னும் ஈரத்தை விலைகொடுத்து ஏற்றுகிறோம். விற்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

இங்கே தேவைப்படுவது இரண்டு வேலைகள். காற்றை உடம்பில் பட ஓடவிடுவது ஒன்று. தலைக்கு மேலிருந்து இறங்கும் வெப்பத்தைத் தடுப்பது மற்றது.

மின்விசிறி அறையைக் குளிரவைக்காது. அதன் மோட்டார் கொஞ்சம் சூட்டைக்கூடச் சேர்க்கும். தோலை ஒட்டி ஈரம் நிறைந்த மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் நிற்கும். விசிறி அதைக் கலைத்துவிட்டு அடுத்த காற்றைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். நொடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் காற்றுப் பட்டாலே மூன்று பாகை குறைந்ததுபோல உணர்வோம். ஆளில்லாத அறையில் விசிறி சுற்றுவதில் எந்தப் பயனும் இல்லை. பழைய கூரை விசிறி 75 வாற் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிக்கு 30 வாற் அளவு போதும். சிறிய படுக்கையறை ஏசிக்கே 1,000 வாற் வேண்டும். தோலைவிடச் சூடான காற்றை விசிறி வீசினால் தீமை என்று முன்பு 35 பாகையிலேயே எச்சரித்தார்கள். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கணக்கு அந்த எல்லையை இளையவர்களுக்கு 39, முதியவர்களுக்கு 38 என்று உயர்த்தியது. ஈரமான நம் ஊர்க் காற்று அந்த எல்லையை எட்டுவது அரிது. ஆகவே விசிறியை நம்பலாம்.

கரண்ட் இருந்தால். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது ஏசி பற்றிய பேச்சே இல்லை, விசிறியும் இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் அருந்தலாகி, ஜாம் போத்தல் விளக்கோடும் சைக்கிள் டைனமோவில் பாடிய வானொலியோடும் ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்தச் சித்திரைகளைக் கடத்தியது பனையோலை விசிறியும், முற்றத்தில் போட்ட பாயும், கிணற்றடிக் குளிப்பும்தான். 2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, மறந்துபோன அந்தப் பாடத்தைப் பலர் திரும்பவும் புரட்டினார்கள்.

பழைய ஆட்கள் வீட்டையே விசிறியாகக் கட்டினார்கள். ஓலை வேலியை மறைப்புக்கென்றே நினைக்கிறோம். அதன் இடுக்குகளால் காற்று வடிந்து வளவுக்குள் வரும், வேகம் குறையும், ஆனால் நிற்காது. இப்போது ஆறடி கல்மதில்தான் அந்தஸ்து. நெருக்கமான குருநகர் ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் மதில் எழும்பினால், மனிதர் இருக்கிற, படுக்கிற உயரத்தில் காற்றுச் செத்துப்போகும். காற்றை மதிலால் மறித்துவிட்டு ஏசிக்குக் கடன் வாங்குவது எனக்கு விளங்காத கணக்கு. மதில் வேண்டுமென்றால் துளைவைத்த கல்லால், தென்மேற்குப் பக்கத்திலாவது கட்டலாம். மண்டைதீவுப் பக்கமிருந்து கடலைக் கடந்து வருகிற சோழகத்துக்கு அதுதான் வாசல். சோழகத்துக்கு முகம்கொடுத்த யன்னல் எவ்வளவு பெரிதோ, எதிர்ச்சுவரிலுள்ள யன்னலும் அவ்வளவாவது பெரிதாக இருக்கவேண்டும். வெளியேற வழியில்லாவிட்டால் காற்று உள்ளேயும் வராது. யன்னலின் கீழ்விளிம்பு கட்டில் மட்டத்துக்கு இறங்கினால் இன்னும் நல்லது.

இதே தென்மேற்குக் காற்றைச் சிந்து மாகாணத்தின் ஹைதராபாத் நகரம் வேறுவிதமாகப் பிடித்தது. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒரு காற்றுக்கூண்டு, எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி. கீழ்மாடி அறைவரை காற்றை இறக்கிவிடும். பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி 1964இல் நியூயோர்க்கில் வைத்த கட்டடக்கலைக் கண்காட்சியில் அந்தக் கூரைகளின் படத்தைக் காட்டியபின் உலகமே அதை வியந்தது. காற்றுத் திசைமாறாமல் அடிக்கும் ஊரில்தான் இப்படி ஒரே பக்கம் பார்த்துக் கட்டமுடியும். சோழகமும் அப்படிப்பட்ட காற்றுத்தான்.

இனிக் கூரை. சூரியன் உச்சியில் நிற்கிற ஊரில் நண்பகலில் சுவருக்கு வெயில் அதிகம் படாது, கூரைதான் முழுவதையும் வாங்கும். தகரக் கூரையின் அடிப்பக்கம் 60 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அந்தத் தகரம் காற்றைச் சூடாக்குவதோடு நிற்காமல், அடுப்பின் தணல்போல நேரே உடம்பின்மேல் வெப்பத்தை வீசும். கூரை விசிறி அந்தக் கதிர்வீச்சைத் தடுக்காது. சீற் போட்ட வீடும் இதிலிருந்து பெரிதாக விலகியதல்ல.

பனையோலைக் கூரைக்குள் நுழைந்தவருக்கு வித்தியாசம் உடனே தெரியும். கைவேலை ஓலை வெட்டுவதிலேயே தொடங்குகிறது. வெட்டிய பச்சை ஓலை விசிறிபோல மடிந்திருக்கும். அதை நிலத்தில் விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏறி மிதித்து, மேலே பாரம் வைத்துச் சில நாள் விட்டுவிடுவார்கள். பாடம் போடுதல் என்று பெயர். பாடம் போட்ட ஓலை மடிப்பு விரிந்து தட்டையாகும். பிறகு பனஞ்சலாகைகளின் மேல், தாழ்வாரத்திலிருந்து தொடங்கி முகடுவரை வரிசை வரிசையாக வேய்ந்து கட்டுவார்கள். மேல்வரிசை கீழ்வரிசையின் கட்டை மறைக்கும். முகட்டிலிருந்து வழுக்கும் மழைத்தண்ணீர் ஓலைக்கு ஓலை தாவித் தாழ்வாரத்தில் விழும், உள்ளே போகாது. அடுக்குக்கு இடையில் ஆயிரம் மெல்லிய காற்றறைகள் சிக்கியிருக்கும். அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. அதனால் மேலோலை கருகிக்கொண்டிருக்கையில் அடியோலையைக் கையால் தொட்டால் நிழலின் சூடுதான் இருக்கும். ஓலைக்குப் பாரமும் இல்லை, ஆகையால் வெப்பத்தைச் சேமித்து வைக்காது. பொழுது பட்டு ஒரு மணித்தியாலத்தில் கூரை ஆறிவிடும். கடற்கரையில் சுவரே இல்லாமல் நிற்கும் வாடியைப் பாருங்கள். மேலே ஓலை, நாலு பக்கமும் காற்று. இந்தக் காலநிலைக்கு அதைவிடப் பொருத்தமான கட்டடத்தை யோசிப்பது கடினம்.

அதற்காக எல்லோரும் ஓலை வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்று எழுதமாட்டேன். சில ஆண்டுக்கொருமுறை வேயவேண்டும், ஒரு தீப்பொறி போதும், வேய்கிற ஆட்களும் அருகிவிட்டார்கள். ஆனால் தகரத்துக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகை விரித்துக் கட்டலாம். அந்த இடைவெளிதான் முக்கியம். அதற்குள் காற்று ஓடி வெப்பத்தை அள்ளிப்போகும். புயலுக்கு முன் அவிழ்க்கவேண்டியது ஞாபகமிருக்கட்டும்.

குருநகரின் தொடர்மாடி வீடுகளில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. கொங்கிறீற் தட்டு ஓலைக்கு நேர் எதிர்: பகல் முழுக்க வெப்பத்தைக் குடித்து, சனம் படுக்கப்போகிற நேரத்தில் திருப்பிக் கக்கும். மேல்மாடிக்காரருக்கு இரவு ஒன்பது மணிதான் நண்பகல். கொங்கிறீற்றுக்குப் பூசும் மருந்து வெள்ளை. புதிதாக அடித்த சுண்ணாம்பு, படும் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். 2010 மே மாதத்தின் கொடும் வெப்ப அலைக்குப் பிறகு 2013இல் வெப்பச் செயற்திட்டம் வகுத்த அகமதாபாத் நகரம், 2017இலிருந்து ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியதும் இதற்காகத்தான். மழையும் பாசியும் வெள்ளையைத் தின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு மாசியிலும் திரும்ப அடிக்கவேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உப்பிட்ட மோர், சின்னவெங்காயம் போட்ட பழஞ்சோற்றுக் கஞ்சி, நுங்கு எல்லாம் இழந்த நீரையும் உப்பையும் திருப்பித் தருகின்றன. ஒடியல் கூழை வெயிலுக்கும் நல்லது என்று சிலர் வாதிடுவார்கள். சூடாகக் குடித்தால் வியர்க்கும், வியர்த்தால் குளிரும் என்பது அவர்கள் நியாயம். வியர்வை காயும் வறண்ட காற்றில் அந்த நியாயம் செல்லும். காற்றசையாத சித்திரை மத்தியானத்தில் செல்லாது. நண்டும் இறாலும் போட்ட கூழை மாரிக்கு வைத்திருங்கள்.

இந்த உபாயங்களுக்கு ஓர் எல்லை உண்டு. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையை எட்டினால், நிழலில் விசிறிக்குக் கீழே இருக்கும் திடகாத்திரமான ஆள்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமுடியாது என்று ஷேர்வுட், ஹூபர் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் கணித்தார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியிட்ட பரிசோதனையில், ஈரக்காற்றில் 31 பாகையை அண்டும்போதே உடல்வெப்பம் கட்டுமீறி ஏறத்தொடங்கியது. மேலே நாம் கணக்கிட்ட குருநகர் நாளுக்கும் அந்த எண்ணுக்கும் இடையே மூன்று பாகைகூட இல்லை. முதியவர்கள், கைக்குழந்தைகள், இதய நோயாளிகள், உச்சி வெயிலில் படகில் நிற்பவர்கள் அந்த இடைவெளியை மற்றவர்களுக்கு முன்பே கடந்துவிடுவார்கள். ஒருவர் பேச்சுத் தடுமாறி, நடை தள்ளாடி, உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெறும் களைப்பல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, கையில் அகப்பட்டதால் விசிறிக்கொண்டே இருக்கவேண்டும். மீன்பெட்டி ஐஸ் கிட்ட இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் கமக்கட்டிலும் வைக்கலாம். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இதையெல்லாம் ஒருவர் செய்துகொண்டிருக்க, மற்றவர் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கவேண்டும்.