மில் துரைமார் கிளப்பில் ஒரு ராத்திரி

“ஹோட்டலுக்குப் போயிருந்தேன்” என்று சிலமலைக்காரர் ஒருவர் சொன்னால், எங்கோ இட்லியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் பொருள். படுத்து உறங்குவதற்கும் ஹோட்டல் என்பது நம் பக்கத்தில் பிற்பாடு வந்த வழக்கம். ஏலக்காய் விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு மதுரைக்குப் போன அந்தக் காலத்து வியாபாரி, ரயிலடிக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரத்தில் துண்டை விரித்துப் படுத்தார். கையில் நாலு காசு சேர்ந்த பிறகு டவுன்ஹால் ரோட்டு லாட்ஜுக்கு மாறினார். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, கதவுக்கு ஒரு பூட்டு. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

இன்னும் ஏதோ வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக உலகம் ஒரு புதுப் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறது: ‘பொட்டிக் ஹோட்டல்’. பொட்டிக் என்றால் பிரெஞ்சு மொழியில் சிறிய கடை. லண்டனில் 1978-ல் திறந்த பிளேக்ஸ், நியூயார்க்கில் 1984-ல் திறந்த மார்கன்ஸ் ஆகியவற்றை இந்த வகைக்கு முன்னோடிகள் என்பார்கள். அச்சில் வார்த்த சோப்புக் கட்டிகள் போல எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அறைகள் இராமல், கொஞ்சம் அறைகள், தனக்கென்று ஒரு முகம். அவ்வளவுதான் இதன் தத்துவம். அந்த முகத்துக்குத்தான் வாடகை!

மதுரையில் அப்படி ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமானால், வைகைக் கரையோரம் மேலக்கால் சாலையில் கோச்சடைக்குப் போக வேண்டும். ‘ஹெரிடேஜ் மதுரை’ என்று பெயர். சுமார் 17 ஏக்கர் தோட்டம். சாலையின் ஹாரன் சத்தம் வாசலோடு நின்றுவிடுகிறது; உள்ளே மரங்களும் நிழலும். இது முதலில் ஹோட்டலாகக் கட்டியது அல்ல. ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரை மில்லின் அதிகாரிகள் மாலையில் பொழுதுபோக்க 1970-களின் தொடக்கத்தில் எழுப்பிய கிளப் இது. துரைமார் போனார்கள், கிளப் நின்றது, பின்னர் ஹோட்டல் ஆயிற்று. பசுமலை மேலே மில் துரைமார் வசித்த பெரிய பங்களாவின் கதையும் ஏறக்குறைய இதுவே. அதுவும் இப்போது ஹோட்டல்தான்.

கோச்சடைக் கிளப்பைக் கட்டிக் கொடுத்தவர் கொழும்பைச் சேர்ந்த ஜெஃப்ரி பாவா. இவருடைய வரலாறு ஏலத்தோட்டக்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். 1919-ல் பிறந்த பாவா முதலில் படித்தது சட்டம். வக்கீல் தொழில் பிடிக்கவில்லை. 1948-ல் பெந்தோட்டைக்கு அருகே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதை அழகுபடுத்தப் புகுந்தபோதுதான் தமக்குக் கட்டடக்கலை போதவில்லை என்று தெரிந்தது. உடனே படிக்கப் போய்விட்டார்! தகுதி பெற்றபோது வயது 38. நம் ஊரில் அந்த வயதில் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதன் பிறகு அவர் கட்டியவற்றில் ஒன்று, 1982-ல் திறந்த இலங்கைப் பாராளுமன்றக் கட்டடம்.

அப்பேர்ப்பட்டவர் மதுரைக்கு வந்து என்ன செய்தார்? பளிங்கு இறக்குமதி செய்யவில்லை. இந்த ஊர்க் கருங்கல்லை எடுத்தார். இடிந்துபோன பழைய கட்டடங்களின் தூண்களையும் மரச் சாமான்களையும் சேகரித்தார். ஓட்டுக் கூரையை நன்றாக இறக்கிப் போட்டு, அகலமான தாழ்வாரம் விட்டார். சித்திரை வெயில் தரையைத் தொடாது. காற்று மட்டும் உள்ளே வரும். பிற்காலத்தில் அமைந்த நீச்சல் குளமோ கோயில் தெப்பக்குளத்தைப் போலப் படிக்கட்டுகளோடு இறங்குகிறது. சில குடில்களுக்குத் தனிக் குளமே உண்டு.

சிலமலையிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்து அந்தத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தால் என்ன சொல்வார்? “இது எங்க அப்பத்தா வீட்டுத் திண்ணையில்ல!” என்பார். அவர் சொல்வது சரிதான். கல் தூண், ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம், வாசலில் திண்ணை, ஊர் நடுவே படித்துறை உள்ள ஊருணி. இவை நம் முன்னோர் காசு கொடுக்காமல் அனுபவித்தவை. இன்று போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஓட்டு வீட்டைக் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறோம். ஏலக்காய்க்கு நல்ல விலை வந்த வருஷமெல்லாம் பழைய வீடு இடிந்து காங்கிரீட் வீடு எழும்புகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன விலையை யார் மறப்பார்கள்? வீட்டை இடிக்கும்போது தேக்குக் கதவும் தூணும் பழைய சாமான் வியாபாரியின் லாரியில் ஏறிவிடுகின்றன. அவை எங்கே இறங்கும் என்று யாரும் கேட்பதில்லை. காங்கிரீட் கூரையின் கீழே வெந்து, குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரக் கட்டணம் கட்டிக்கொண்டு, பிறகு இரண்டு நாள் ஓய்வுக்கு ஒரு ஹோட்டலில் அதே தேக்குத் தூணில் சாய்ந்து உட்காரப் பணம் கொடுக்கிறோம்.

செட்டிநாட்டார் இந்த விஷயத்தில் கொஞ்சம் விழித்துக்கொண்டார்கள். கானாடுகாத்தானில் ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய மாளிகை இன்று ‘விசாலம்’ என்ற ஹோட்டல். வீடும் நிற்கிறது, வருமானமும் வருகிறது. போடிமெட்டுச் சரிவுகளில் விடுதி கட்டத் துடிக்கிறவர்கள், கண்ணாடிப் பெட்டிகளை மலைமேல் ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை கோச்சடைக்கும் கானாடுகாத்தானுக்கும் போய்விட்டு வருவது நல்லது.

போக்குவரத்துக்கு இப்போது குறையில்லை. 1928-ல் வந்த மதுரை–போடி ரயில், பாதையை அகலப்படுத்த 2010 முடிவில் நின்றது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் காக்க வைத்துவிட்டு 2023 ஜூனில் மறுபடி போடிக்கு வந்துவிட்டது. செலவுதான் யோசிக்க வேண்டியது. ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் அதன் மேல் 18 சதவிகித வரி உண்டு. மலைக்கு ஜீப்பில் போய் ஏலக்காய் பறிக்கும் பெண்ணுக்கு அது எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட்டால் தூக்கம் வராது. அந்தக் கணக்கு வேண்டாம் என்பவர்கள் தாராளமாக அறை எடுக்கலாம். மற்றவர்கள் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, தாழ்வாரத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். தூணைத் தட்டிப் பார்ப்பதற்கு யாரும் வரி கேட்பதில்லை.