18 வயதுக்குப் பின் எங்கே செல்வது? கேரளத்தில் இளம்பெண்களுக்கான குடும்பஸ்ரீ துணைக்குழுக்கள்: ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்: படிப்பை முடித்தும் வேலை கிடைக்காமல் வீட்டில் காத்திருக்கும் இளம்பெண்கள் கேரளக் கிராமங்களில் ஏராளம். மாநிலத்தின் மிகப்பெரிய மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீயில்கூட அவர்களில் பலருக்கு நீண்ட காலம் இடமில்லாமல் இருந்தது. இந்தக் குறையைப் போக்க 2021-ஆம் ஆண்டு துணைக்குழுக்கள் அறிமுகப்படுத்தப்பட்டன. அவற்றில் யார் சேரலாம், பயிற்சி எங்கே கிடைக்கும் என்பதைப் பார்க்கலாம்.

ஒரு வீட்டுக்கு ஒருவர்

வறுமை ஒழிப்புக்கான குடும்பஸ்ரீ திட்டத்தை 1998 மே 17 அன்று மலப்புறத்தில் அப்போதைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்தார். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இத்திட்டத்தின் அடித்தளம், 10 முதல் 20 பெண்கள் வரை கொண்ட 'அயல்கூட்டம்' எனும் குழு ஆகும். சேமிப்பு, கடன், சிறுதொழில் ஆகியவை இதன் வழியாகவே நடைபெறுகின்றன.

ஆனால், ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே இதில் உறுப்பினராகலாம். தாயோ மாமியாரோ உறுப்பினராக இருந்தால், மகளுக்கும் மருமகளுக்கும் வாய்ப்பில்லை. 5 முதல் 18 வயது வரையிலான சிறார்களுக்குப் பாலசபைகள் உள்ளன. அந்த வயதைக் கடந்த பெண்களுக்குத்தான் அடுத்த படி இல்லாமல் இருந்தது.

துணைக்குழுவில் என்ன மாற்றம்?

18 முதல் 40 வயது வரையிலான பெண்கள் துணைக்குழுவில் சேரலாம். ஒரே வீட்டைச் சேர்ந்த ஒன்றுக்கும் மேற்பட்டோர் இடம்பெறலாம் என்பதே முக்கிய மாற்றம். ஒரு குழுவில் அதிகபட்சம் 50 பேர் இருக்கலாம். தொழில் வாய்ப்புகளுடன், வரதட்சணை, குடும்ப வன்முறை போன்ற சிக்கல்களையும் இங்கு விவாதிக்க முடியும். பாதிக்கப்பட்ட பெண்களுக்குக் குடும்பஸ்ரீயின் 'சினேகிதா' உதவி மையங்கள் ஆலோசனை வழங்குகின்றன.

பயிற்சி எங்கே?

வேளாண் ஆலோசனைக்கு ஊராட்சிதோறும் கிருஷி பவன் அலுவலகங்கள் இயங்குகின்றன. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் மையம், வெள்ளநாட்டில் உள்ள மித்ரநிகேதன் வளாகத்தில் செயல்படுகிறது. மித்ரநிகேதன், கே.விசுவநாதன் என்பவரால் 1956-இல் நிறுவப்பட்ட கிராமப்புறக் கல்வி நிறுவனமாகும். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் மையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. விவசாயிகளுக்கு மட்டுமின்றி, ஊரக இளைஞர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் இம்மையங்களின் பணியாகும். சத்துணவு, உணவு பதப்படுத்துதல், காளான் மற்றும் தேனீ வளர்ப்பு போன்றவை இத்தகைய பயிற்சிகளில் அடங்கும்.

மார்த்தாண்டம் காட்டிய வழி

பயிற்சி மட்டுமே வருமானமாகிவிடாது. இதற்கு நூறாண்டுக்கு முந்தைய சான்று ஒன்று உண்டு. அன்றைய திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. அமைப்பைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் ஊரக மையம் ஒன்றை நடத்தினார். தேனீ, கோழி வளர்ப்பைக் கற்றுத் தந்ததோடு அம்மையம் நின்றுவிடவில்லை. தேனையும் முட்டையையும் கூட்டுறவு முறையில் விற்கவும் வழி செய்தது. இன்று தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மார்த்தாண்டத்தின் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது.

துணைக்குழுக்களின் வெற்றியும் இதைப் பொறுத்தே அமையும். கற்ற தொழிலின் பொருளைத் தனியாக விற்க முயலும் பெண்ணைவிட, குழுவாகச் சந்தைக்குச் செல்வோருக்கே பேரம் பேசும் வலிமை அதிகம்.

எப்படிச் சேர்வது?

விருப்பமுள்ளோர் தங்கள் ஊராட்சியிலுள்ள குடும்பஸ்ரீயின் சி.டி.எஸ். அலுவலகத்தை அணுகலாம். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அயல்கூட்ட உறுப்பினராக இருப்பது இதற்குத் தடையல்ல.