அடங்க மறுத்த கேப்டன்

வீரர்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்பதற்காகப் பிழைப்பையே பணயம் வைத்தவர் சார்லி ராபர்ட்ஸ்

1909 கோடையில் மான்செஸ்டரில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் கால்பந்து வரலாற்றில் அழியாத இடம் பெற்றுவிட்டது. வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்கள். முன்னால் ஒரு பலகை. அதில் 'விலக்கப்பட்டோர் கால்பந்து கிளப், 1909' என்று எழுதியிருக்கிறது. சில மாதங்களுக்கு முன்புதான் இங்கிலாந்தின் பெருமைக்குரிய எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்த மான்செஸ்டர் யுனைடெட் அணி அது. இப்போது அவர்களுக்குச் சம்பளமில்லை. ஆட அனுமதியும் இல்லை. பலகை வைக்கும் யோசனை கேப்டன் சார்லி ராபர்ட்ஸுடையது.

1883-ல் டார்லிங்டனில் பிறந்த ராபர்ட்ஸ், உள்ளூர் அணிகளில் ஆடி கிரிம்ஸ்பி டவுன் வழியாக 1904 ஏப்ரலில் யுனைடெடுக்கு வந்தார். அவருக்காக யுனைடெட் கொடுத்த விலை 600 பவுண்டு. அப்போது யுனைடெட் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த சாதாரண அணி. தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் நடுவே நின்று ஆட்டத்தை நடத்தும் 'சென்டர் ஹாஃப்' இடத்தில் அவர் வேரூன்றினார். இருபுறமும் டிக் டக்வொர்த்தும் அலெக் பெல்லும். இந்த மூவரின் பலத்தில் அணி 1908-ல் லீக் பட்டம், 1909-ல் எஃப்.ஏ. கோப்பை, 1911-ல் மீண்டும் லீக் பட்டம் என்று வென்றது.

அடங்கிப் போவது அவர் சுபாவத்தில் இல்லை. வீரர்களின் கால்சட்டை முழங்காலை மறைக்க வேண்டும் என்று 1904-ல் கால்பந்துக் கழகமான எஃப்.ஏ. விதித்தது. ராபர்ட்ஸ் குட்டைக் கால்சட்டையுடனேயே களமிறங்கினார்.

ஆனால் உண்மையான மோதல் பணத்தைப் பற்றியது. 1901 முதல் ஒரு வீரருக்கு வாரம் 4 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்பது விதி. தேர்ந்த தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் அது குறைவல்ல. ஆனால் ஆட்டக்காரரின் ஆயுள் சில வருடங்கள்தான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் விடுவித்தால்தான் வேறு அணிக்குப் போகலாம். பல்லாயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில், ஆடுகிறவருக்குத் தன் விலையைப் பேசும் உரிமை கிடையாது. அடிபட்டால் கதி என்ன? 1907-ல் யுனைடெட் வீரர் தாமஸ் பிளாக்ஸ்டாக், இரண்டாம் நிலை அணிக்கான ஆட்டம் ஒன்றில் பந்தைத் தலையால் தட்டிய சற்று நேரத்தில் மயங்கி விழுந்து இறந்தார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி மான்செஸ்டரின் இம்பீரியல் ஹோட்டலில் வீரர்கள் கூடினார்கள். வேல்ஸ் நாட்டு நட்சத்திரம் பில்லி மெரிடித் தலைமையில் சங்கம் உருவானது. ராபர்ட்ஸ் அதன் தூண்களில் ஒருவர். எஃப்.ஏ. முதலில் தடுக்கவில்லை. ஆனால் சங்கம் மற்றத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்போடு சேர முற்பட்டதும் நிலைமை மாறியது. கால்பந்து வீரர்கள் சுரங்கத் தொழிலாளர்களோடு கைகோத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினால் என்னாவது? 1909 ஜூலை 1-க்குள் சங்கத்திலிருந்து விலகாதவர்கள் ஆட முடியாது என்று உத்தரவு வந்தது.

பெரும்பாலான அணிகளின் வீரர்கள் பணிந்தார்கள். யுனைடெட் வீரர்கள் பணியவில்லை. ராபர்ட்ஸுக்கு இதில் இழப்பு அதிகம். நீண்ட காலம் ஆடியதற்காக அவருக்கு வர வேண்டியிருந்த நிதியுதவி ஆட்டத்தின் வருமானமும் ஆபத்தில் இருந்தது. ஆனாலும் ஃபாலோஃபீல்டில் அணியினர் தாங்களாகவே பயிற்சி செய்தார்கள். எவர்டன் வீரர் டிம் கோல்மன் துணைக்கு வந்தார். மற்ற அணிகளிலும் மெல்ல ஆதரவு திரும்பியது. புதிய சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாளான ஆகஸ்ட் 31 அன்று எஃப்.ஏ. இறங்கி வந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. தடைகள் நீங்கின.

வெற்றி முழுமையானதல்ல. சில மாதங்களில் சங்க உறுப்பினர்களே வாக்களித்து, தொழிற்சங்கக் கூட்டமைப்போடு இருந்த உறவைத் துண்டித்தார்கள். கையிலிருந்த ஒரே ஆயுதத்தைத் தாங்களே கீழே போட்டுவிட்டார்கள் என்பது ராபர்ட்ஸின் கசப்பு. சம்பள உச்சவரம்பும் நீடித்தது.

அவர் கொடுத்த விலை வேறு விதமானது. யுனைடெடிலிருந்து இங்கிலாந்து அணிக்கு ஆடிய முதல் வீரர் அவர். 1905-ல் அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து அணிகளுக்கு எதிராக மூன்று ஆட்டங்கள். அதோடு சரி. தேசத்தின் தலைசிறந்த சென்டர் ஹாஃப்களில் ஒருவர் என்று பெயரெடுத்த பிறகும் அழைப்பு வரவில்லை. சங்க வேலைதான் காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது.

1913-ல் 1,500 பவுண்டுக்கு ஓல்டாம் அத்லெடிக் அவரை வாங்கியது. 1915-ல் அந்த அணி லீக் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டது. போருக்குப் பிறகு 1919 முதல் 1921 வரை சங்கத்தின் தலைவராக இருந்தார். சிறிது காலம் ஓல்டாம் மேனேஜர். பிறகு புகையிலை வியாபாரம். தான் விற்ற ஒரு சிகரெட்டுக்கு டக்வொர்த், ராபர்ட்ஸ், பெல் என்ற மூன்று பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து 'டுக்ரோபெல்' என்று பெயர் வைத்தார். பழைய கூட்டாளிகளை அவர் மறக்கவில்லை.

1939 ஆகஸ்டில் 56 வயதில் ராபர்ட்ஸ் இறந்தபோதும் உச்சவரம்பு அப்படியே இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் வேலைநிறுத்த மிரட்டல் விடுத்த பிறகு, 1961-ல்தான் அது ஒழிந்தது. அப்போது ஒரு வீரரின் அதிகபட்ச வாரச் சம்பளம் 20 பவுண்டு. வரம்பு நீங்கியதும் ஃபுல்ஹாம் கேப்டன் ஜானி ஹெயின்ஸ் 100 பவுண்டு வாங்கினார். அந்தப் பணத்தைப் பேசி வாங்கிக் கொடுக்க ஒரு சங்கம் இருந்தது. 1909-ல் அதைக் கலைந்துவிடாமல் காத்தது, பலகையோடு நின்ற அந்தச் சிலர்தான்.