ஏரிப் புறம்போக்கும் இன்றைய சட்டமும்

சென்னையில் தியாகராய நகரம் மயிலாப்பூர் நீண்ட ஏரியின் படுகையில் எழுந்ததாகும். 1920ஆம் வருஷத்து நகரமைப்புச் சட்டத்தை அடுத்த சில வருஷங்களில் சர்க்காரே அவ்வேரியை வடியச் செய்து மனைகளாக்கினர். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு என்னும் பெயரில் மட்டும் ஏரி எஞ்சியுள்ளது!

தமிழ்நாட்டின் 2007ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேர்மாறானது. ஏரியின் எல்லையை அளந்து குறித்து, ஆக்கிரமித்தவருக்கு நோட்டீசு கொடுத்து, பின் அவரை அப்புறப்படுத்த அது இடந்தருகிறது. நெடுங்கால அனுபவமோ, கட்டடத்திற்குச் செலவிட்ட பெரும் பணமோ ஆக்கிரமிப்புக்கு நியாயமாகாதென்று, பாட்டியாலா ஜில்லாக் கிராமக் குளமொன்றைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஆதலின் ஏரியோரத்து நிலம் வாங்குவோர் பட்டாவொன்றையே நம்பாது, கிராம ‘அ’ பதிவேட்டில் அப்புல எண் ஏரியென்றோ வாய்க்காலென்றோ பதிவாகியுள்ளதா எனக் கிராம நிர்வாக அலுவலரிடம் முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.