ஏழு கோப்பையா, 408 வெற்றியா?

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா என்றொரு ஊர். அங்குள்ள பல்கலைக்கழக விளையாட்டரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் உட்காரலாம். அரங்கத்தின் பெயரில் பால் பிரையன்ட் இருக்கிறார். அதனுள் இருக்கும் ஆடுகளத்துக்கு 2024 முதல் நிக் சேபன் பெயர். இருவருமே அந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள். இருவருக்கும் அரங்கத்தின் வாசலில் வெண்கலச் சிலை உண்டு. இவர்களில் யார் பெரியவர் என்ற வழக்கு அந்த ஊரில் இன்னும் தீர்ந்தபாடில்லை. நாடு முழுவதும் இதே வழக்கு நடக்கிறது. அங்கே இன்னும் பத்துப் பதினைந்து பெயர்கள் சேர்ந்துகொள்ளும்.

அவர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், எறியலாம். எதிரணியினர் மோதி வீழ்த்துவார்கள். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து கைமாறிவிடும். அணிக்கு 11 பேர். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பு யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் ஓடுவது என்று திட்டம் வகுத்தாக வேண்டும் என்பதால், இந்த ஆட்டத்தில் பயிற்சியாளரின் கை எப்போதும் ஓங்கியே இருக்கிறது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரிலேயே அதிகம் வாங்குபவர் ஆளுநர் அல்ல, பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர்தான்.

தொழில்முறை அணிகளில் ஆட்களை ஏலம்போல வரிசை வைத்து எடுக்கிறார்கள். கல்லூரியில் அது கிடையாது. பள்ளி முடிக்கும் பையனின் வீட்டுக்குப் பயிற்சியாளரே போக வேண்டும். அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசி, “உங்கள் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள்” என்று கேட்க வேண்டும். நான்கைந்து ஆண்டுகளில் அவன் படிப்பை முடித்துப் போய்விடுவான். மறுபடி வேறொரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். எனவே ஒரு பயிற்சியாளரின் சாதனையை எடைபோடும்போது, யாருடைய பிள்ளைகள் அவரிடம் வர முடிந்தது, யாருடைய பிள்ளைகள் வர முடியாமல் போனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிறந்த பயிற்சியாளர் பட்டியல்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிடுகின்றன.

பட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சேபனை வெல்ல ஆளில்லை. தேசிய சாம்பியன் பட்டம் ஏழு: 2003இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் ஒன்று, பிறகு 2009 முதல் 2020 வரை அலபாமாவுடன் ஆறு. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிப் பகுதியில் பிறந்தவர். அப்பா பெட்ரோல் பங்க் நடத்தினார். மகன் அங்கே கார் கழுவுவான். துடைத்த காரில் ஒரு கோடு தெரிந்தாலும் முழுவதையும் மறுபடி கழுவ வேண்டும்.

அந்தப் பிடிவாதத்தைத்தான் சேபன் தொழிலாக்கினார். 1998இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, முதலிடத்தில் இருந்த ஒஹாயோ மாநில அணியை அதன் சொந்த ஊரிலேயே சந்திக்க வேண்டியிருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த லயனல் ரோசன் என்ற மனநல மருத்துவர் ஒரு யோசனை சொன்னார்: வெற்றி தோல்வியை நினைக்க வேண்டாம், ஒரு முயற்சி சராசரியாக ஏழு நொடி நீடிக்கிறது, அந்த ஏழு நொடியை மட்டும் சரியாக ஆடச் சொல்லுங்கள், முடிந்ததும் அதை மறந்துவிட்டு அடுத்த ஏழு நொடிக்குப் போகச் சொல்லுங்கள். 15 புள்ளிகள் பின்தங்கியிருந்த சேபனின் அணி 28–24 என்று வென்றது. பிற்காலத்தில் சேபன் ஓயாமல் சொல்லிவந்த ‘ப்ராசஸ்’ இதிலிருந்து முளைத்ததுதான்.

துணிச்சலிலும் குறைவில்லை. 2018 ஜனவரியில் ஜார்ஜியாவுக்கு எதிரான இறுதி ஆட்டம். பாதி நேரத்தில் அலபாமா 0–13 என்று பின்னால் நிற்கிறது. அணியை இரண்டு ஆண்டுகளாக நடத்திவந்த ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதலாண்டு மாணவன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார் சேபன். கூடுதல் நேரத்தில் அந்தப் பையன் 41 கஜம் எறிந்த பந்து ஆட்டத்தை 26–23 என்று முடித்துவைத்தது. ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்த காலத்தில் அவர் இதைச் சாதித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1973க்கு முன்பு தேசிய அளவில் அப்படியொரு வரம்பே இல்லை. 1990களில் ஒரு கல்லூரி உதவித்தொகை தரக்கூடிய ஆட்டக்காரர்கள் 85 பேர் என்று கட்டுப்படுத்தப்பட்டார்கள்.

பிரையன்டின் கணக்கு ஆறு பட்டங்கள், 323 வெற்றிகள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காலத்தில் சாம்பியனைத் தீர்மானித்தது இறுதி ஆட்டம் அல்ல, பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் போட்ட வாக்கு. ஆண்டு முடிவில் நடக்கும் பெரிய ஆட்டத்துக்கு முன்பே வாக்கெடுப்பு முடிந்துவிடுவதும் உண்டு. 1964இலும் 1973இலும் அலபாமா பட்டத்தை வாங்கிக்கொண்டு, அதன்பிறகு கடைசி ஆட்டத்தில் தோற்றது. அந்தப் பட்டங்கள் இன்றும் கணக்கில் நிற்கின்றன.

ஆர்கன்சா மாநிலத்தின் ஏழை விவசாயக் குடும்பத்தில் 1913இல் பிறந்தவர் பிரையன்ட். பதின்வயதில் ஊர்த் திரையரங்குக்கு வந்த கரடியோடு ஒரு டாலருக்காக மல்லுக்கட்டினார். ‘பேர்’, அதாவது கரடி, என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. கடுமைக்குப் பேர் போனவர். 1954இல் டெக்சஸின் ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குத் தன் புதிய அணியைக் கூட்டிச்சென்று, கொளுத்தும் வெயிலில் பயிற்சியின்போது தண்ணீர்கூடத் தராமல் பத்து நாள் வாட்டினார். போனவர்களில் பெரும்பாலோர் இரவோடு இரவாக ஓடிப்போனார்கள். ஒரு மாணவன் வெப்பத்தாக்கில் சுருண்டு விழுந்தான். இதை வீரக்கதையாகச் சொல்லும் வழக்கம் நீண்ட நாள் இருந்தது. அந்த ஆண்டு அணி ஒன்பது ஆட்டங்களில் தோற்று ஒன்றில் வென்றது. ஒரு பையன் செத்துப் பிழைத்த முகாமைப் பெருமையாகப் பேச எதுவும் இல்லை.

1958இல் அவர் அலபாமாவுக்கு வந்தார். அப்போது அந்த மாநிலத்தின் மிகப் பெரிய நகரமான பர்மிங்ஹாமில் ஜூனியஸ் புகானன் என்ற பள்ளி மாணவன் வளர்ந்துகொண்டிருந்தான். பின்னாளில் பக் புகானன் என்று புகழ்பெற்றவர். உயரம் ஆறடி ஏழு அங்குலம். டஸ்கலூசா அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் தூரம். ஆனால் அவர் கறுப்பினத்தவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் கால்வைக்க முடியாது. இன்னொரு மாநிலத்தைத் தாண்டி, லூசியானாவின் கிராம்ப்ளிங் என்ற சிற்றூரில் இருந்த கறுப்பினக் கல்லூரிக்குப் போனார். 1963 பருவத்துக்காக அமெரிக்க கால்பந்து லீக் நடத்திய ஆட்டக்காரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவர்தான். அதே 1963 ஜூனில், இரண்டு கறுப்பின மாணவர்கள் சேர வந்தபோது, டஸ்கலூசா பல்கலைக்கழக வாசலை மறித்து நின்றார் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ்.

கிராம்ப்ளிங்கில் புகானனை வார்த்தவர் எடி ராபின்சன்.

ராபின்சனின் அப்பா குத்தகை விவசாயி. பேட்டன் ரூஜ் நகரில் வளர்ந்த ராபின்சன், அதே ஊரிலிருந்த லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர வழியில்லாமல் வேறொரு சிறு கறுப்பினக் கல்லூரியில் படித்தார். பிறகு தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலி. 1941இல், 22 வயதில், கிராம்ப்ளிங் கல்லூரியில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. பெயர்தான் பயிற்சியாளர், மைதானத்தில் புல் வெட்டுவதும் கோடு போடுவதும் அவரே. ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதும் அவரே. வெளியூருக்குப் பேருந்தில் போகும்போது வழியில் உள்ள உணவகங்கள் கறுப்பினப் பிள்ளைகளை உள்ளே விடாது என்பதால் சாண்ட்விச் செய்து எடுத்துக்கொண்டு போவார்கள். காலையில் விடுதி வராந்தாவில் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டே நடப்பார், ஒருவனும் வகுப்புக்கு மட்டம் போடக்கூடாது என்று. இரண்டாம் ஆண்டிலேயே, 1942இல், அவருடைய அணி ஒன்பது ஆட்டங்களையும் வென்றது. ஒன்பதிலும் எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

57 ஆண்டுகள் ஒரே கல்லூரி. 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமன். அவரிடம் பயின்ற 200க்கும் மேற்பட்டவர்கள் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். எதிர்வாதம் ஒன்று உண்டு: அவர் ஆடியது சிறிய கல்லூரிகளோடுதானே, அலபாமாவையும் ஒஹாயோவையும் போன்ற பெரிய அணிகளோடு அல்லவே என்பார்கள். பெரிய அணிகள் அவரோடு ஆட மறுத்த காலம் அது என்பதே பதில். அந்தச் சிறிய கல்லூரிகளில்தான் தென்பகுதியின் கறுப்பின ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கறுப்பினத்தவரைச் சேர்க்காததன் விளைவு பிரையன்டின் அணிக்கும் தெரியாமல் இல்லை. 1966இல் அலபாமா ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் வாக்கெடுப்பில் மூன்றாமிடம்தான் கிடைத்தது. தங்களுக்குள் 10–10 என்று சமன் செய்துகொண்ட நோட்டர் டேமும் மிச்சிகன் மாநில அணியும் முன்னால் நின்றன. வெள்ளையர் மட்டும் உள்ள அணிக்கு நாடு வாக்களிக்கத் தயங்கியது என்று இன்றும் ஒரு சாரார் சொல்கிறார்கள். மிச்சிகன் மாநில அணியின் பெரும் நட்சத்திரம் பப்பா ஸ்மித், டெக்சஸிலிருந்து வந்த கறுப்பினத்தவர். சொந்த மாநிலத்தின் பெரிய கல்லூரிகள் கதவைச் சாத்தியதால் வடக்கே போனவர்.

1970 செப்டம்பரில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக அணி பர்மிங்ஹாமுக்கு வந்து அலபாமாவை 42–21 என்று நொறுக்கியது. அதன் கறுப்பின ஆட்டக்காரர் சாம் கன்னிங்ஹாம் மட்டும் 135 கஜம் ஓடினார். அந்த ஓர் ஆட்டம்தான் அலபாமாவை மாற்றியது என்ற கதை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பிரையன்ட் சேர்த்திருந்த முதல் கறுப்பின மாணவர் வில்பர் ஜாக்சன் அன்றே பார்வையாளர் வரிசையில் இருந்தார். முதலாண்டு மாணவர்கள் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. கதவு திறந்தபின் பிரையன்ட் சும்மா இருக்கவில்லை. மொபைல் நகரத்துப் பையன் ஜான் மிட்செல் கலிபோர்னியாவில் சேரப்போகிறான் என்று எதிரணிப் பயிற்சியாளரே பேச்சுவாக்கில் சொல்ல, உடனே ஆளனுப்பி அவனை அலபாமாவுக்கு இழுத்துக்கொண்டார். 1970களில் மட்டும் அவருக்கு 103 வெற்றிகளும் மூன்று பட்டங்களும் கிடைத்தன.

திறந்த கதவின் விலையைக் கொடுத்தது கிராம்ப்ளிங். புகானனைப் போன்ற பையன்கள் இனி சொந்த மாநிலத்திலேயே பெரிய அரங்கத்தில் ஆடலாம், அது நியாயமும்கூட. ராபின்சன் அதன்பிறகும் தளரவில்லை. 1985இல் 324ஆவது வெற்றியோடு பிரையன்டைத் தாண்டினார். அணியை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் இடத்துக்குக் கறுப்பினத்தவருக்கு மூளை போதாது என்று தொழில்முறை அணிகள் நினைத்த காலத்தில், அதே இடத்துக்கென்றே மாணவர்களைத் தயாரித்தார். அப்படி வந்த டக் வில்லியம்ஸ் 1988 ஜனவரியில் வாஷிங்டன் அணிக்காக, தொழில்முறைக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் எறிந்து 42–10 என்று வென்றார். சூப்பர் பவுல் வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர். ஆனால் ராபின்சனின் கடைசி மூன்று ஆண்டுகளும் தோல்விக் கணக்கிலேயே முடிந்தன. 1997இல் விலகியபோது அவருக்கு வயது 78.

விகிதத்தைப் பார்ப்பவர்களுக்கு நோட்டர் டேமின் நூட் ராக்னி இருக்கிறார்: 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமன், 1931இல் 43 வயதில் விமான விபத்தில் மரணம். வெற்றிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பவர்களுக்கு ஜான் கக்லியார்டி: பெரும்பாலும் மினசோட்டாவின் ஒரு சிறு கல்லூரியில், 2012 வரை பயிற்றுவித்து 489 வெற்றி. பயிற்சியில் ஒருவரையொருவர் மோதி வீழ்த்தவே விடமாட்டார், விசில் ஊதமாட்டார். ஜங்ஷன் முகாமைப் போற்றுபவர்கள் அவரைப் பற்றிக் கொஞ்சம் படிக்கலாம்.

ஜோ பேட்டர்னோவின் பெயரை எளிதில் கடந்துபோக முடியாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 46 பருவங்கள். 2011 அக்டோபர் 29 அன்று 409ஆவது வெற்றி, ராபின்சனைவிட ஒன்று அதிகம். ஒரு வாரத்தில், அவரிடம் நீண்ட காலம் உதவியாளராக இருந்த ஜெரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வதை செய்த வழக்கு வெளியே வந்தது. பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு புகார் தன்னிடம் வந்தபோது மேலதிகாரிகளிடம் சொன்னதோடு பேட்டர்னோ நின்றுவிட்டார். வேலையை இழந்தார், இரண்டரை மாதங்களில் இறந்தார். தண்டனையாகக் கழிக்கப்பட்ட 111 வெற்றிகள் 2015இல் திரும்பத் தரப்பட்டன. ஏட்டில் 409 மறுபடி இருக்கிறது. பிள்ளைகளை நம்பிக்கையோடு ஒப்படைக்கும் இடத்தில் இருந்தவரை அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் முதலிடத்தில் உட்கார வைக்க முடியாது.

இந்தக் கட்டுரையின் தீர்ப்பு ராபின்சனுக்கே. சேபனைவிட நுட்பமாக ஆட்டத்தைப் படித்தவர் இல்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் நாட்டின் சிறந்த பையன்கள் அத்தனை பேரின் வீட்டுக் கதவும் சேபனுக்குத் திறந்திருந்தது, ஆண்டுக்கு 1.1 கோடி டாலருக்கு மேல் சம்பளமும் இருந்தது. ராபின்சன் படிக்க முடியாத அதே பேட்டன் ரூஜ் பல்கலைக்கழகத்தில் சேபன் 2003இல் தன் முதல் பட்டத்தை வென்றார். அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்கான கால்பந்து எழுத்தாளர்கள் சங்கத்தின் விருது அவருக்குக் கிடைத்தது. எடி ராபின்சன் பெயரில் தரப்படும் விருது அது.

2021இலிருந்து விதிகள் தலைகீழாகிவிட்டன. மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம்; முன்போல ஓராண்டு காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கு மாறலாம். 2024 ஜனவரியில் ஓய்வு பெற்ற சேபன், இரண்டு மாதம் கழித்து வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் பேசும்போது ஒரு விஷயம் சொன்னார். அணியில் சேர வரும் பையன்களையும் பெற்றோரையும் வீட்டுக்கு அழைத்துக் காலை விருந்து வைக்கும்போது அம்மாக்களோடு உட்கார்ந்து பேசுவது அவர் மனைவி டெர்ரியின் வழக்கம். இப்போது எல்லோரும் எவ்வளவு பணம் தருவீர்கள் என்றுதான் கேட்கிறார்கள், பிறகு எதற்கு இதைச் செய்கிறோம் என்று டெர்ரி கேட்டாராம். அந்த வருத்தம் புரிகிறது. ஆனால் லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வரும் அரங்கத்தில் உடம்பை முறித்து ஆடிய பையன்களின் தாய்மார்கள் பணத்தைப் பற்றிக் கேட்க நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது என்பதையும் நினைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு பாதி அணி மாறிப்போகும் இந்தக் காலத்தில் ஒரு பையனை நான்கு ஆண்டு தன்னிடம் தங்கவைத்து, பட்டத்தோடு வெளியே அனுப்பும் பயிற்சியாளர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த பட்டியல் போடுபவர்கள் அவர்களிலிருந்து தொடங்கலாம்.