வரப்பில் சாட்டிலைட் கருவி... ‘ஃபிக்ஸ்’ வந்துவிட்டதா?

நிலம் அளக்க இப்போதெல்லாம் சங்கிலிக்குப் பதில், கம்பத்தின் உச்சியில் சாட்டிலைட் ரிசீவரோடு வருகிறார்கள். நம் செல்போன் ஜி.பி.எஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். இதுவோ ஓரிரு சென்டிமீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். செட்டிங் சரியாக இருந்தால்!

திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று வந்த பிறகே புள்ளியைப் பதிய வேண்டும். ‘ஃப்ளோட்’ என்றிருந்தால் அரை மீட்டர்கூட விலகலாம். 100 அடி வரப்பில் அது கால் சென்ட்டுக்கும் அதிகம். பங்காளிச் சண்டைக்கு அவ்வளவு போதாதா? புளியமரத்தடியில் ‘ஃபிக்ஸ்’ லேசில் கிடைக்காது. அவசரப்படுத்தாதீர்கள்.

யு.டி.எம் மண்டலத்தையும் கேளுங்கள். 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கேயுள்ள கோவை, நெல்லைக்கு 43. கிழக்கேயுள்ள தஞ்சை, சென்னைக்கு 44. மாறினால், அளந்த புள்ளிகள் பழைய வரைபடத்தோடு பொருந்தாது.