சிகரங்களின் பாதை – 9: பருத்திச் சட்டை பனிமலைக்கு ஆகாது

வ. புதுப்பட்டிக்காரர்களுக்கு மலை புதிதில்லை. ஊரை விட்டு வயல்வெளிக்கு வந்தாலே மேற்கே மலைத்தொடர் எழுந்து நிற்கும். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சதுரகிரி ஏறுகிறவர்களில் பலர் தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு கம்பு, உடம்பில் பருத்தி வேட்டி சட்டை என்றுதான் போகிறார்கள். வியர்வையில் நனைந்த சட்டை காற்றில் காய்ந்துவிடும். அந்த மலைக்கு அது போதும்.

அதே பழக்கத்தோடு இமயமலைக்குக் கிளம்பினால் உயிருக்கே ஆபத்து.

இமயம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எட்டாத இடம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற முத்தமிழ்ச்செல்வி இதே விருதுநகர் மாவட்டத்து ஜோகில்பட்டியில் பிறந்தவர். தமிழ்நாட்டிலிருந்து அந்த உச்சியை எட்டிய முதல் பெண்.

எவரெஸ்ட் அடிவார முகாமின் உயரம் 5,364 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். புதுப்பட்டியில் 35 டிகிரி வெயில் அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு நேர் மேலே அந்த உயரத்தில் ஒரு டிகிரிதான் இருக்கும். இமயமோ இன்னும் வடக்கே இருக்கிறது. அத்துடன் இரவும் காற்றும் சேர்ந்தால் குளிர் எப்படி இருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

அங்கே முதல் எதிரி ஈரம். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக இழுத்துவிடும். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, அந்தக் குளிரில் லேசில் காயாது. ஏறும்போது வியர்த்து, உட்கார்ந்ததும் நடுங்குவது இதனால்தான். ஆகவே மூன்று அடுக்கு உடை வேண்டும். உள்ளே வியர்வையை வெளியே தள்ளும் மெல்லிய பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். வியர்ப்பதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். நின்றதும் போட்டுக்கொள்ள வேண்டும். வாத்து இறகு அடைத்த ஜாக்கெட் ஓய்வு நேரத்துக்கு அருமையானது. ஆனால் நனைந்தால் இறகு ஒட்டிக்கொண்டு சூடு போய்விடும். அதை நீர்புகாத உறையில் வைப்பது கட்டாயம்.

கறுப்புக் கண்ணாடி அலங்காரப் பொருள் அல்ல. புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தாலே பார்வை தற்காலிகமாகப் போகலாம். இரவில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும். தண்ணீர் மேலிருந்து கீழாக உறைவதால், காலையில் மூடிப் பக்கம் தண்ணீராக இருக்கும். செல்போனையும் பேட்டரியையும் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டால் சார்ஜ் சீக்கிரம் இறங்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஷூ. இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் இடிக்கும் என்பதால், தடித்த காலுறை போட்டபிறகும் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டும். புது ஷூவோடு இமயம் போகிறவர்கள் இரண்டாம் நாளே கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். விலை உயர்ந்த ஜாக்கெட்டுக்குச் செலவழித்துவிட்டு ஷூவில் மிச்சம் பிடிப்பது தவறான கணக்கு.

ஷூவைப் பழக்கப்படுத்த சொந்த மலையே இருக்கிறது. 2018-இல் குரங்கணி காட்டுத் தீ 23 உயிர்களைப் பலிகொண்ட பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை முறைப்படி திறந்தது. செண்பகத்தோப்பு – புதுப்பட்டி வழியும் அதில் ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகக் காடு இது. இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். இமயத்துக்கு எடுத்துப்போகும் அதே ஷூவைப் போட்டு, அதே பையை அதே எடையோடு தூக்கி ஒருமுறை நடந்து பாருங்கள். பையின் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டி, எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கப் பழகுங்கள். திரும்பி வந்ததும் பையைக் கொட்டி, தொடாத பொருள்களைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றில் மருந்து, மழை ஜாக்கெட், நெற்றி விளக்கு இவை மூன்றையும் தவிர மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

(தொடரும்)